காற்றுப் போகாத காயம்

பஞ்சர்க்காரர் எந்த டாக்டரையும் நம்பியதில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனாள், திரும்பும்போது தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு எவன் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. ஒரே மகள், கடல் தாண்டி இருக்கிறாள். வாரக் கடைசியில் போன் செய்வாள். அவள் பேசுவாள், இவர் "ம்" கொட்டுவார்.

ஒரு நாள், தான் டயரிலிருந்து பிடுங்கிப் போட்ட துருப்பிடித்த ஆணியைத் தானே மிதித்தார். செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆயுசெல்லாம் ஓட்டை அடைத்தவருக்கு இதெல்லாம் ஒரு ஓட்டையா? துடைத்தார். ட்யூபுக்குப் பூசும் சொல்யூஷனைத் தடவி, ஊதி உலர்த்தி, ஒரு ரப்பர் துண்டை வைத்து அழுத்தி ஒட்டினார். காற்றுக் கசியாத வேலை. அவருக்கே திருப்தி.

ஒரு வாரம் கழித்துத் தாடை இறுகியது. சொத்தைப்பல் என்று நினைத்துக் கிராம்பை ஒதுக்கிக்கொண்டார். ரொட்டி உள்ளே போகவில்லை, டீயை உறிஞ்சிக் காலம் தள்ளினார். பேச ஆள் இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். தனி ஆளுக்கு வாய் எதற்கு?

மகள் கூப்பிட்டாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"உடம்பு பரவாயில்லையா?"

"ம்."

"சரிப்பா, வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

கண்டுபிடித்தது, ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்த லாரி டிரைவர்தான்.

"என்னண்ணே, டயரப் பாத்ததும் என் பரம்பரையையே திட்டுவீங்க. இன்னைக்கு என்ன சிரிப்பு?"

அவர் சிரிக்கவில்லை. முகம் தானாக இழுத்துக்கொண்டு நின்றது.

"வாயத் தொறங்க பாப்போம்... அய்யோ அண்ணே!"

ஸ்டெப்னியை அப்படியே போட்டுவிட்டு, ஆளைத் தூக்கி லாரியில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் காலிலிருந்த ரப்பரைப் பிய்த்தாள்.

"இது மண்ணுல கெடக்குற கிருமி, பெரியவரே. காத்து பட்டா அதால வளர முடியாது. நீங்க காத்தே போகாம அடச்சு, அதுக்குக் குடித்தனம் வெச்சுக் குடுத்துட்டீங்க. கிருமி காலை விட்டு நகரல. அது கக்குன விஷம்தான் நரம்பு வழியா ஏறித் தசைய முறுக்குது."

"பொழச்சுக்குவாராம்மா?" என்றான் டிரைவர்.

"இப்ப சொல்ல முடியாது. சின்ன சத்தம் கேட்டாலும் இழுப்பு வரும். இருட்டு ரூம்லதான் வெக்கணும். யாரும் பேசக் கூடாது."

ஊசியோடு நர்ஸ் வந்தாள். அவர் நம்பவில்லை. ஆனாலும் கையைக் கொடுத்தார். மறுத்துப் பேச வாய் வரவில்லையே.

அவர் போனிலிருந்தே டிரைவர் தகவல் சொல்லி மகள் பறந்து வந்தாள். இருட்டில் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவருக்கு இழுப்பு வந்து வந்து போயிற்று. அவள் அம்மா செத்த நாளிலிருந்து அவளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அவருடைய பூட்டிய பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பல நாள் கழித்து, தாடை ஒரு விரற்கடை இளகியது.

"எப்பம்மா திரும்பிப் போறே?" என்றார்.

வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். மகள் தன் உதட்டில் விரலை வைத்து, நர்ஸ் பக்கம் கண்ணைக் காட்டினாள்.