காலை பத்து மணிக் கண் பரிசோதனை

எங்கள் தையல் கம்பெனி மேனேஜருக்கு மூளை இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவேன். முட்டை விலை ஏறியதும் கேன்டீனில் முட்டையை நிறுத்தினார். பின்னாலேயே கீரையும் போயிற்று. பதிலுக்கு முட்டை, பால், கேரட் படம் போட்ட போஸ்டர் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். பார்த்தே பசியாறட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அங்கே அயர்ன் போடுகிறேன், என் மனைவி காலர் தைக்கிறாள். இரண்டு மாதமாக ஐந்து மணிக்குமேல் அவள் தையல் கோணிக்கொண்டு போகிறது. சிக்கனம் என்று பாதி விளக்குகளை வேறு அந்தப் புண்ணியவான் கழற்றிவிட்டார். இன்னொரு காலர் கெட்டால் வேலை போய்விடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

கூடவே ஒரு கண் பரிசோதனை. காலை பத்து மணிக்கு, ஜன்னலோரம், நல்ல வெயிலில். கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. கவனம்தான் இல்ல," என்றார் மேனேஜர்.

சாயங்காலம் தெரியாத கண்ணைக் காலையில் சோதிக்கும் மேதையை என்னவென்று திட்டுவது?

கம்பெனி நர்ஸுக்குத்தான் விஷயம் புரிந்தது. "இது மாலைக்கண் மாதிரி இருக்கு. விட்டமின் ஏ குறைஞ்சா வரும். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும். சாப்பாடெல்லாம் எப்படி?"

"எல்லாம் இந்த ஆளு கேன்டீன்ல கை வெச்சதால வந்ததும்மா," என்று நான் முந்திக்கொண்டேன்.

நர்ஸ் என் மனைவியைத்தான் பார்த்தார். "வீட்ல முட்டை வாங்கறதே இல்லையா?"

"வாரத்துக்கு நாலு வாங்குவோம்."

"நீங்க எத்தனை சாப்பிடுவீங்க?"

"இவருக்கு ஆவியில நிக்கிற வேலை. உடம்பு தாங்கணும்ல."

நாலும் என் தட்டுக்குத்தான் வந்தன. பாலும் அப்படியே. அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு மாதம் பகலில் மட்டும் வேலை கொடுங்கள், முட்டை, பால், கீரை அவசியம் என்று நர்ஸ் எழுதிக்கொடுத்த சீட்டை, வேலை முடிந்ததும் மேனேஜரிடம் நீட்டினோம். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்டாட்டிக்கு ஒரு முட்டை போட வக்கில்ல, நான் ஷிப்ட் மாத்தணுமா? நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லு."

அந்த ஆளைத் திட்ட என்னிடம் ஆயிரம் வார்த்தைகள் இருந்தன. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

வெளியே வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"கையப் புடிச்சுக்கோங்க," என்றாள். "படி தெரியல."