வெயிலில் காய்ந்த பயறு

கத்தி இறங்கியதுமே கட்டி உதிர்ந்தது. கலியாணசுந்தரம் தட்டைக் கிணற்றடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தான். மாவு கூடிவிட்டதா, கருப்பட்டி குறைந்துவிட்டதா, அழுத்திய கைதான் போதவில்லையா என்று தெரியவில்லை. தங்கை அஞ்சலை வறுத்துக் கொடுத்து அவன் திரித்த பச்சைப்பயற்று மாவு, வறுத்த வேர்க்கடலை, நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கையிலை, மணத்துக்குப் பண்டான் இலையை இடித்துப் பிழிந்த சாறு, பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்திலிருந்து வந்த தென்னங்கருப்பட்டி. எல்லாவற்றையும் பால்டின்னில் அளந்துதான் போட்டான். அளந்து போட்டும் இப்படி ஆனால் அளந்தவனிடம்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எது நடந்தாலும் முதலில் அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அஞ்சலை அடுப்பங்கரை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது, பாசி புடிச்ச செங்கல்லாட்டம்?"

"அப்பாவுக்கு."

"நாம மாடு வளக்கலியேன்னு இப்பதான் வருத்தமா இருக்கு."

அவன் உதிராத துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ரம்புத்தான் மரத்தடியில் பலகையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோனான். மருதமுத்து அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தட்டில் வைத்துவிட்டு, "அப்புறமா திங்கிறேன்டா" என்றார். சாயங்காலம் பார்த்தபோது அது எறும்புகளுடையதாகியிருந்தது.

தைப்பூசம் முடிந்த கையோடு அம்மா போனாள். அவளை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து சமைத்த எதையும் அப்பா வாயில் வைக்கவில்லை. வாழைப்பழம், இளநீர், பச்சைத் தண்ணீரில் கரைத்த டின்பால், ஊறவைத்த அவல், அவ்வளவுதான். பெண்டாட்டிமேல் இருந்த பாசத்தைப் பார் என்று காஜா பேராங் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அதை விரதம் என்றார்கள். சோற்றுத் தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவள் அஞ்சலை என்பதால் அவள் மட்டும் அதை விரதம் என்று நம்பவில்லை. தன் கைப்பக்குவத்தின்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலோ அப்பாவின் குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆனால் இந்த உடம்பு கத்தியைத் தாங்காது, சதை போடட்டும், பிறகு கூட்டிக்கொண்டு வா என்றார் டாக்டர். அவர் சொன்ன விதம், மகன்தான் தகப்பனைப் பட்டினி போட்டவன் என்பதைப்போல் இருந்தது. சுந்தரம் அதையும் மறுக்கவில்லை. அவன் தேசிய மொழியான மலாய் படிக்கப் போகும் மாலை வகுப்பின் சுவரில் உணவுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. இறைச்சி, முட்டை வரிசையில் பச்சைப்பயறும் இருந்தது. மூன்றும் ஒரே சத்துத்தானா என்று வாத்தியாரிடம் இரண்டு தடவை கேட்டு, பின்வரிசைக்காரர்கள் சிரிக்கும்படி ஆகிவிட்டது. சோறு வேண்டாம் என்கிறவர் ஒரு துண்டு பலகாரத்தையாவது வேண்டாம் என்னாமல் இருக்கக்கூடும். அவனுக்கு இருந்த யோசனை அவ்வளவே.

இரண்டாவது தடவைக்குப் பயறு வறுக்க அஞ்சலை மறுத்துவிட்டாள்.

"என் கை பட்டாத்தான் அவருக்கு எறங்காதே. நீயே பண்ணு. நீதான் படிக்கிற ஆளாச்சே."

சுந்தரம் ரப்பர் கிடங்கில் பாளங்களை நிறுத்துப் போடுகிறவன். அடுப்பு அவனுக்கு வசப்படவில்லை. முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் போக்கியபின், நெருப்பே வேண்டாம் என்று முடிவு செய்தான். பயற்றை ஊறவைத்து முளைகட்டி, பாய் விரித்துக் கொல்லை வெயிலில் காயப்போட்டான். வேர்க்கடலையையும் பச்சையாகவே காயவைத்துத் தோலுரித்தான். முறுக முறுகக் காய்ந்த பயற்றை உரலில் இடிக்கும்போது புல் மணம் வந்தது. மாவைக் கருப்பட்டிச் சீவலோடு பிசைந்து, வாழையிலை விரித்த தட்டில் கொட்டி, அம்மிக்குழவியை மேலே வைத்து அழுத்தினான். இந்தத் தடவை கத்தி இறங்கிய இடத்தில் நேர்கோடு விழுந்தது. அவனுக்கே நம்பமுடியவில்லை.

அப்பா அதையும் மூக்கருகே கொண்டுபோனார். அதையும் கீழே வைத்தார்.

கருப்பட்டி கொடுத்தவள் கமலவேணி. தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டிலேயே இருக்கும் செட்டிகளின் கம்பத்தில் பிறந்து வளர்ந்தவள். சாமி பெயரெல்லாம் தமிழில் சொல்வாள், பேச்சு மட்டும் மலாய்தான். மிச்சக் கருப்பட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவனை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"குலா இனி தடா பாகுஸ்கா?"

நல்ல கருப்பட்டிதான் மக்சிக், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவனும் மலாயிலேயே சொன்னான். அவள் ஒரு கருப்பட்டி வட்டை எடுத்து அவன் மூக்கிலேயே இடிப்பதுபோல நீட்டினாள்.

"சியும் துலு. அடா பாவு அசாப். இத்துலா யாங் பெத்துல்."

மோந்து பார், புகை வாசம் இருக்கிறது, அதுதான் அசல் என்கிறாள். சுந்தரம் மோந்தான். இனிப்புக்குள் எங்கோ அடியில் விறகுப் புகை இருந்தது. பதநீரை நாள்பூராவும் காய்ச்சிய புகை. அவன் கருப்பட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றதைப் பார்த்து, பையனுக்கு மூளை கலங்கிவிட்டதென்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான். முதல் தடவை பயறும் கடலையும் வறுத்தது. இரண்டாவதில் வறுத்தது எதுவும் இல்லை, புகை பட்டது இந்தக் கருப்பட்டி மட்டும்தான். தெருமுனையில் சுதந்திர நாளுக்கு மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவனைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான். கையில் கயிறு இருக்க, மனம் அம்மாவிடம் போனது. அவள் வேலி ஓரத்துக் கொட்டகையில், வீட்டைவிட்டுத் தள்ளித்தான் சமைப்பாள். கரிதான் எரிப்பாள், விறகு எரிக்க மாட்டாள். சமைத்து முடித்ததும் மழையானாலும் கிணற்றடியில் குளித்து, சேலை மாற்றி, அதன் பிறகே அப்பாவுக்குச் சோறு வைப்பாள். ஆசாரம் என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். "எங்கம்மா பாப்பாத்தி மாதிரி" என்று அஞ்சலை கேலி செய்திருக்கிறாள். அம்மா போனபின் கொட்டகை ஒழுக ஆரம்பித்ததும் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து விறகு எரித்தவளும் அஞ்சலைதான். அவன் மட்டும் என்ன. கிடங்கில் இருப்பதெல்லாம் புகைபோட்ட ரப்பர். வேலை விட்டு வந்ததும் கிணற்றடிக்குப் போகாமல் படி ஏற அம்மா விட்டதில்லை. அவள் போனபின் அப்படிச் சொல்ல ஆளில்லை. அப்படியே வந்து அப்பா பக்கத்தில் உட்காருவான். அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். தன்னிடம் என்ன பிடிக்காமல் போயிற்று என்று அவன் அத்தனை மாதமும் யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பசாரில் பேரீச்சம்பழம் வாங்கினான். கொட்டை நீக்கி, உரலில் இடித்துச் சாந்தாக்கி, காய்ந்த மாவோடும் முருங்கைப் பொடியோடும் பிசைந்தான். பிசைவதற்கு முன் குளித்தான். தலைக்கும் சேர்த்து.

மருதமுத்து துண்டை மூக்கருகே கொண்டுபோனார். மறுபக்கம் திருப்பி இன்னொரு தடவை மோந்தார். பிறகு ஓர் ஓரத்தைக் கடித்தார். தாடை மெதுவாக அசைந்தது. சுந்தரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது. பாதித் துண்டு முடிந்தபின்தான் கேட்கத் துணிந்தான்.

"அப்பா, கேக்கலாமா கூடாதான்னு தெரியல. புகைதானே ஆகல உங்களுக்கு?"

தாடை நின்றது.

"உங்கம்மா சொன்னாளா?"

"யாரும் சொல்லலப்பா."

யுத்தக் காலத்தில் குருபோங் ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவர். சயாமில் ரயில் பாதை போட்டார், உயிரோடு திரும்பினார் என்பதற்குமேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் எழுந்து போய்விடுவார். இன்றும் போய்விடுவார் என்றே சுந்தரம் எதிர்பார்த்தான். அவர் விரலில் ஒட்டிய பச்சைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் தண்டவாளம் போட்டாங்க. எனக்கு வேற வேல குடுத்தான். வெறகு அடுக்குறது."

"சமையலுக்கா?"

"பேதிக் கொட்டகையில."

ரம்புத்தான் இலைகளில் காற்று அசைந்து நின்றது.

"மழக்காலம். வெறகெல்லாம் ஈரம். லேசுல எரியாது. பக்கத்துல நின்னு எரிய வைக்கணும். எரிஞ்சவங்கள்ல நம்ம தோட்டத்து ஆளுங்களும் இருந்தாங்க." மீதித் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "அவகிட்ட ஒரே ஒரு வாட்டிதான் சொன்னேன். அப்புறம் அவ ஒண்ணுமே கேக்கல. மறுநா குளிச்சிட்டு வந்து சோறு வச்சா. கடைசி வரைக்கும் அப்படித்தான் வச்சா." கொஞ்சம் நிறுத்தி, "அவளயும் வெறகுலதானே வச்சோம்" என்றார்.

பின்னால் அடுப்பங்கரை வாசலில் அகப்பை ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. சுந்தரம் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை.

அன்று அண்ணனும் தங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கவளத்தில் அஞ்சலை கேட்டாள்.

"அண்ணே, கரி எங்க வாங்குவா அம்மா?"

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தினமும் துண்டுகளைத் தின்றார். கன்னம் லேசாக நிரம்பியதுபோல் ஒரு நாள் தெரியும், அடுத்த நாள் தெரியாது. வெறும் பயறும் பழமும் அந்த உடம்பைக் கத்திக்கு முன்னால் நிறுத்திவிடுமா என்று சுந்தரத்துக்குச் சந்தேகம்தான். சோறு இறங்கினால் தேவலை. ஒழுகின கொட்டகைக்கு அண்ணனும் தங்கையுமாகத் தகரம் மாற்றினார்கள். அடுப்புக் கல்லைத் தூக்கும்போது, "நீ இடிச்ச பயறுல கல்லு கெடக்குது, அதயாச்சும் பாத்துப் பொறுக்கு" என்றாள் அஞ்சலை. அகப்பை விழுந்த நாளுக்குப் பின் அவள் சொன்ன முதல் கேலி அது.

மறுநாள் கிடங்கிலிருந்து வந்தவன் நேராகக் கிணற்றடிக்குப் போனான். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அப்பாவின் பலகையில், சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அவர் எழுந்திருக்கவில்லை. கையில் பாதி கடித்த பச்சைத் துண்டு இருந்தது.

வேலி ஓரத்திலிருந்து அஞ்சலை வந்தாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டி, மாற்றிய சேலையின் தோள் நனைந்திருந்தது. இரண்டு கையாலும் மூடிபோட்ட கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். அப்பா அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லை நடுவில் வந்ததும் அவள் நின்றாள். கிண்ணத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, தோள் முந்தானையை இழுத்து மூக்கில் வைத்து, கண்ணை மூடி நெடுநேரம் மோந்தாள்.