காரில் ஒரு இடம் காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் காரிலிருந்து பிறந்தது. போன மாதம், மலேசியாவில் எங்கள் ஈஜோக்கில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன் ஆர்ம், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, மாட்டினேன். அதிலிருந்து கார், தொழுவத்தைக் கண்ட மாடு மாதிரி இடப்பக்கமே இழுத்தது. சக்கரம் நேராக நிற்கிறதா என்று அலைன்மெண்ட் பார்த்தவர், "உள்ள ஏறி ஒக்காருங்க லா. ஓடறப்ப இருக்கிற கனத்துலதான் பாக்கணும்" என்றார். உட்கார்ந்தேன். சும்மா உட்கார வைத்தால் நான் கதை பண்ண ஆரம்பித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "1951. காட்டுக்குள் துப்பாக்கிகள் முழங்கின, மலாயா நடுங்கியது, அப்போது..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: கோலசிலாங்கூரில் தன் பட்டறை வாசலில் சூசைமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார். காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகள் சுடுவார்கள் என்று கதவெல்லாம் இரும்புத் தகடு அடித்திருந்தது. அந்தக் கனத்தில் பழைய ஆர்ம்கள் வளைந்துவிட, மரை வெட்டிய புது ஆர்ம்களை மாட்டியிருந்தார். திருகினால் நீளும், குறையும். காலையில் காலிக் கார் நேராகத்தான் ஓடியது. நாலு பேர் ஏறியதும் வாய்க்கால் பக்கம் இழுத்தது.

நாளைக் காலை ரப்பர் காட்டு வழியே அதை ஓட்டப்போகிறவன் பெர்னாட், சூசைமுத்துவின் மனைவி அகதாவின் தம்பி. சுட்டால் தலையைக் குனிந்துகொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் கார் கொஞ்சம் இழுத்தாலும் வாய்க்கால்தான். 

3

ஆள் கனத்தை ஏற்றிவைத்துத்தான் சக்கரத்தைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு எதிர்க்கடை மதார் சாகிபுவிடம் அரிசி மூட்டைகளைக் கேட்டு வாங்கி இருக்கைகளில் வைப்பது சூசைமுத்துவின் பழக்கம். அன்றும் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிவிட்டார்.*

"யா அல்லா! எறக்கு கீழ!" மதார் சாகிபு ஓடி வந்தார். "காருல அரிசியா? காட்டுக்காரனுக்குக் கொண்டுபோறோம்னு போலீஸ்காரன் ரெண்டு பேரையும் ஊருக்கே கப்பலேத்திருவான் லா!"

"அப்ப என்னதான் செய்றது பாய்?"

மதார் சாகிபு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "நானே ஒரு மூட்டதானே" என்று பின்னிருக்கையில் ஏறினார்.

பெர்னாட் ஏற்கெனவே ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அகதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முன்னால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா?"

"பேசாம இருடா. நீ ஓட்டற காருல நான் ஒக்காந்து பாக்கக் கூடாதா?"

[இங்கே அகதாவை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.]

சூசைமுத்து பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூல் இழுத்துக் கட்டினார். முன்சக்கரத்தின் இரண்டு ஓரத்தையும் நூல் ஒன்றுபோலத் தொட வேண்டும். குனிந்து பார்த்தார். ஆர்மைத் திருகினார். மறுபடியும் பார்த்தார்.

* அரிசிக்கு அவ்வளவு கெடுபிடி இருந்த காலத்தில் ஒருவர் இதை மறப்பாரா? எனக்கும் சந்தேகம் வந்தது. மறப்பார். மச்சினன் உயிரை நினைத்துக்கொண்டிருப்பவருக்குச் சட்டம் எங்கே ஞாபகம் வரும்?

4

முடிவு ஒன்று: மறுநாள் ரப்பர் காட்டு வளைவில் வேட்டுச் சத்தம்... வேண்டாம். பெர்னாடுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

முடிவு இரண்டு: ஒன்றுமே நடக்கவில்லை. மத்தியானச் சோற்றுக்கு வந்துவிட்டான், மீன் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று அக்காவிடம் சண்டை போட்டான். எனக்கு இதுதான் ஆசை. ஆனால் என் ஆசைக்காக எழுதினால் சூசைமுத்து ஒப்புக்கொள்ள மாட்டார். சக்கரத்தின் ஒரு ஓரத்தை நூல் இன்னும் தொடவில்லை.

"பின்னால ஒரு பக்கம் காலியா இருக்கு," என்கிறார். "நாளைக்குத் துரை முன்னால, துப்பாக்கிக்காரங்க ரெண்டு பேரு பின்னால. இன்னும் ஒரு ஆளு கனம் வேணும்."

நான் ஏறலாம். ஆனால் எழுதுவதை விட்டு நான் எழுந்தால் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

மதார் சாகிபு நகர்ந்து இடம் விடுகிறார். வாசிக்கிற நீங்கள் ஏறுங்கள். தகடு அடித்த கதவு கனமாக இருக்கும், நன்றாக இழுத்துச் சாத்துங்கள். சூசைமுத்து நூலருகே குனிகிறார்.

அகதா திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.

"கொஞ்சம் அசையாம இருங்க. எந்தம்பி ஓட்டப்போற காரு."