வளைவு வரைக்கும் ஒரு ரேஸ் சைக்கிள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. காருக்குள் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் சைக்கிள்களில் வந்து நின்றது. முன்னால் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, நடுவில் அப்பா, கடைசியில் அம்மா. பச்சை விழுந்ததும் குழந்தை ஆடி அசைந்து கிளம்பியது. யாரும் அவளை முந்தவில்லை. அம்மாவுடையது கூடை வைத்த சைக்கிள். கூடையில் மூன்று பேரின் தண்ணீர் பாட்டில்களும் இருந்தன. அவளோ முதுகை வளைத்து, முழங்கையை மடக்கி, பந்தயத்தில் ஓட்டுகிறவர்களைப் போலக் குனிந்திருந்தாள். அந்தச் சைக்கிளில் அப்படிக் குனிய ஒரு அவசியமும் கிடையாது.

(கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.)

2

முதல் வரிக்காக முட்டி மோதிப் பார்த்தேன்.

‘காற்று அவள் முகத்தில் மோதியபோது...’ வேண்டாம். காற்றில் ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

‘ஒரு காலத்தில் அவள்...’ இதுவும் வேண்டாம்.

‘அவள் பொய்ப்பல் செய்கிறவள்.’ இது தேவலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. ரோஸ் நிற மெழுகைத் தீயில் காட்டி இளக்கி, ஈறாகப் பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு வைப்பாள். சாப்பாட்டு இடைவேளையில் மிச்ச மெழுகில் ஒரு ஹேண்டில்பார் செய்வாள். ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ரேஸ் சைக்கிள் ஹேண்டில்பார். வேலை தொடங்கும்போது அதை உருக்கிவிடுவாள்.

“மறுபடியும் கொம்பா? பேசாம வாங்கித் தொலையேன்டி” என்பாள் பக்கத்து மேஜைக்காரி.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பந்தயங்களில் ஓட்டியவள். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். நீட்டினால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.

3

கணவனிடம்தான் சறுக்கினேன். முதல் பிரதியில் அவன் இப்படிப் பேசினான்: “இந்த வயசுல ரேஸ் சைக்கிளா? ஊர் சிரிக்கும்.”

அடித்துவிட்டேன். அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை மிச்சம். நீங்களும் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால் சிக்னலில் நான் பார்த்த மனிதன், கார்கள் உரசாமல் இருக்கக் குழந்தையின் பக்கம் ஒரு கையை நீட்டிக்கொண்டே ஓட்டினான். அவனை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே அவன் நல்லவன், லிஃப்ட் மெக்கானிக். அவன்தான் பேச்சை எடுத்தான்.

“வாங்கிக்கோ. எத்தனை நாளைக்குக் கடைக் கண்ணாடி வழியாவே பாத்துட்டு வருவ?”

“அதுல ஏறிட்டா உங்களோட மெதுவா வர முடியாதே.”

“அப்ப நீ முன்னாடி போ.”

“முன்னாடி நான்தான்” என்றது குழந்தை. வீட்டில் அவளுக்கு மேடம் என்று பெயர். அதட்டலுக்குக் கிடைத்த பட்டம்.

அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. யார் மெதுவோ அவர்தான் முன்னால். மற்றவர்கள் முந்தக் கூடாது. ஒருமுறை பெரியவர்கள் இருவரும் பேச்சு சுவாரஸ்யத்தில் முன்னே போய்விட, மேடம் தெருமுனையில் தனியாக நின்று விக்கி விக்கி அழுதாள். அன்று போட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் அப்படித்தான் போகிறார்கள். அதில் அம்மாவுக்குச் சந்தோஷம்தான், பொய் இல்லை. வேகமாகப் போக வேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்ததும் பொய் இல்லை. புதுச் சைக்கிள் வந்தால் இந்த வரிசை கலைந்துவிடுமோ, வராவிட்டால் தானே வெறும் கூடையாகி விடுவோமோ என்று இரண்டு பக்கமும் பயந்தாள்.

(இதைப் படித்த என் மனைவி, “நல்ல மனுஷங்ககிட்டதான் கோபப்படவே முடியாது” என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.)

4

கடை. அந்தச் சைக்கிளைக் கடைக்காரர் இரண்டே விரலால் தூக்கிக் காட்டினார்.

“வளைவு வரைக்கும் ஓட்டிட்டு வாங்கம்மா. பிடிச்சா பேசுவோம்.”

ஏறினாள். நாலு மிதி. அவ்வளவுதான், பறந்தாள். நான் எழுதிய வேகத்தைவிட அதிகம்! வாசலில் கணவன் வாயைப் பிளந்தான். பிறகு, வளைவுக்குச் சற்று முன்னால், திடீரென்று அவள் வேகம் விழுந்தது. அவளுக்கு முன்னே ஒருவர் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு முக்கி முனகிச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பின்னாலேயே ஊர்ந்தாள். தெரு அகலமாக, காலியாகத்தான் கிடந்தது.

“பிரேக் உரசுதோ?” கடைக்காரர் பதறினார்.

“பிரேக் நல்லாத்தான் இருக்கு” என்றான் கணவன். அவனுக்குப் புரிந்துவிட்டது. “எங்க பின்னாடியே ஓட்டிப் பழகிட்டா.”



5

இங்கே மேடம் கையை ஆட்டிக்கொண்டு, “அம்மா, முந்திப் போம்மா!” என்று கத்துவதாக எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். அந்தக் குழந்தை அப்படிக் கத்தாது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து இப்படித்தான் சொல்லும்:

“அம்மா முந்தக் கூடாதுன்னு சொல்லுப்பா.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவர்கள் சில நேரம் செய்யக்கூடியது அவ்வளவுதான் போலிருக்கிறது.

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன். ஒன்றில் திரும்பி வந்து, “சீட் சரியில்லங்க” என்கிறாள். மற்றதில் வேர்த்து விறுவிறுத்து வந்து, “இதையே குடுங்க” என்கிறாள். அப்புறம்தான் கவனித்தேன், இரண்டிலும் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வளைவைத் தாண்ட விடவே இல்லை. என் புத்தி அப்படி. நானும் கடை வாசலில் நிற்கிற கூட்டம்தான்.

ஒன்று மட்டும் நிச்சயமாக நடந்தது. தனக்குப் பின்னால் யாரோ ஒட்டிக்கொண்டே வருவதைத் தண்ணீர் கேன்காரர் உணர்ந்தார். எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார்.

“போயேம்மா. வழி இருக்குல்ல?”

அவள் குனிந்தாள். வலது காலை...

இல்லை, நான் எழுத மாட்டேன். நீங்கள் எங்களோடு கடை வாசலில் நிற்கவில்லையே. உங்களுக்கு வளைவுக்கு அந்தப் பக்கமும் தெரியும். சொல்லுங்கள், மிதித்தாளா?