சொல்லாத சுழி

“ஏனுங்க, மஞ்சத் தூள இத்தன அள்ளிக்கிட்டுப் போறீங்களே, எந்தக் கோயில்ல அபிசேகம்?”

அடுப்படியிலிருந்து மயிலாத்தாள் கேட்ட கேள்விக்குத் திருமூர்த்தி திரும்பிப் பார்க்காமலே விடை சொன்னார்.

“வண்டிக்கு அம்மணி. பூசை போடறதுக்கு.”

“வண்டிக்குப் பொட்டு வெக்க ரெண்டு சிட்டிகை பத்தாதுங்களா? மாரியாத்தா தேருக்கே இத்தன ஆவாது!”

நாள்தோறும் நான்கு பதிகங்கள் பாடி முடிக்காமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவர், அன்று இரண்டாம் பதிகத்தையே பாதியில் நிறுத்திவிட்டு எழுந்திருந்தார். நெற்றி நிறைந்த நீறு இன்னும் உலரவில்லை. மாட்டுக் கொட்டகையின் பின்புறம் நின்றிருந்த நாற்சக்கர ஜீப்பின் முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் வாயில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினார். என்ஜினின் தலைப்பகுதியில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. மஞ்சள் அதில் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும். பத்து நாளோ இருபது நாளோ தண்ணீர் குறையாது, வெண்புகையும் வராது. பிறகு அடைப்புக் கரையும். கரையும்போது அந்த வண்டி வேறொருவருடையதாக இருக்கும்.

சாவியைத் திருப்பி என்ஜினை ஓடவிட்டார். வாங்க வருகிறவர் வந்து சேரும்போது அது சூடாக இருந்தால், தொட்டவுடன் கிளம்பும்.

இந்த உபாயத்தை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஒருவர் எச்சரித்திருந்தார். சென்ற மாதம் கோயம்புத்தூர் உக்கடத்தில் அப்துல் மஜீதின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோயிருந்தார். மஜீத் அரை மணி நேரம் என்ஜினில் காது வைத்துக் கேட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஹெட்டு வெடிச்சிருக்குதுங்க. தண்ணி உள்ள எறங்குது. பிரிச்சு வேலை செஞ்சாத்தான் உண்டு. சமதரையில ஓடும், மேட்டுல ஏத்துனா கொதிச்சு நின்னுக்கும்.”

“விக்கறதா இருந்தா பாய்?”

“தாராளமா வில்லுங்க. வாங்கறவருகிட்டச் சொல்லிப்போட்டு வில்லுங்க. சில பேரு மஞ்சத் தூளக் கொட்டிக் கை மாத்திவுட்டுருவாங்க. நீங்க அந்த மாதிரி ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

மஜீத் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் திருமூர்த்தியின் பெயருக்கு ஒரு தனிமதிப்பு உண்டு. மாட்டின் உடலில் மயிர் சுழித்துக் கிடக்கும் இடத்தைச் சுழி என்பார்கள். நல்ல சுழி குடியை வாழவைக்கும். கெட்ட சுழி கொண்டவனைக் கெடுக்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. வாலடியில் மறைந்த சுழியை வாங்குகிறவன் காணாவிட்டால், விற்கிறவர் வாய் திறப்பது அரிது. திருமூர்த்தியோ, கண்ணபுரம் சந்தையில் நூறு பேர் நடுவே தம் காளையின் வாலைத் தாமே தூக்கிக் காட்டி, “இங்க ஒரு சுழி இருக்குது; மனசு ஒப்புனா வாங்குங்க, இல்லாட்டி அடுத்த கட்டுத்தறியப் பாருங்க” என்று சொன்னவர். ‘சுழி சொல்லி விற்கிறவர்’ என்றே அவரைக் குறிப்பிடுவார்கள்.

அந்தச் சந்தையில் அப்படி ஒரு காளையை வாங்கியவர்தான் சுப்பையன். சத்தியமங்கலத்துக்கு மேலே, பேருந்து ஏறாத மலையூர்க்காரர். தம் ஊரின் ராகியையும் பலாவையும் கீழே இறக்கவும், நோயுற்றவர்களை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லவும் ஒரு ஜீப் வேண்டுமென்று முன்பே சொல்லியனுப்பி, இருந்த காளைகளை விற்றுப் பணம் சேர்த்து அன்று காலை வந்துசேர்ந்தார்.

வந்தவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. அதன் மூடியில் கை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்ணா, இதுல சுழி கிழி ஏதாச்சும் உண்டுங்களா?”

அந்தக் கை இருந்த இடத்தைத் திருமூர்த்தி ஒரு கணம் பார்த்தார். அடுத்த கணத்தில் அவரும் சிரித்தார்.

“இரும்புக்கு ஏதுங்க சுழி!”

கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். சுப்பையன் எல்லோரிலும் உரக்கச் சிரித்தார். நால்வர் சிரித்த இடத்தில் ஒருவர் பொய் சொன்னதை எவரும் அறியவில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, காளையின் கயிற்றை மாற்றிக் கொடுப்பதுபோலவே கிழக்கே பார்த்து நின்று, வெற்றிலையின் மேல் சாவியை வைத்துத் திருமூர்த்தி கொடுத்தார். அதைச் சுப்பையன் துண்டை ஏந்தி வாங்கிக்கொண்டார்.

இருபத்தாறாம் நாள், உச்சிப்பொழுதில், சுப்பையன் பேருந்தில் வந்து இறங்கினார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றார். கையில் ஒரு புட்டியில் மலைத்தேன்.

சண்டைக்கு வந்திருப்பார் என்று எண்ணிய திருமூர்த்தி, சொல்லவேண்டிய மறுமொழிகளை மனத்தில் அடுக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

“என்னை மன்னிச்சுப்போடுங்ணா” என்றார் சுப்பையன். “உங்க வண்டியக் கெடுத்துப்போட்டனுங்க.”

அடுக்கிய மறுமொழிகள் எல்லாம் கலைந்தன.

“தெய்வாத்தாள்னு எங்கூர்ப் பொண்ணுங்க. தலைப்பிரசவம். வெடியால, கோழி கூப்பிடற நேரத்துல, வலி கண்டிருச்சு. நான்தான் ‘பயப்படாதீங்க, நம்ம வண்டி இருக்குது’ன்னு ஏத்திக்கிட்டு வந்தேன். ஏழாவது வளைவுல கொஞ்சம் மேட்டுல ஏறித்தான் எறங்கோணும். அங்க கொதிச்சு, வெள்ளப் பொகையா வந்து, நின்னு போச்சுங்க. ஆறட்டும், ஆறட்டும்னு ரெண்டு மணி நேரம் பாத்தோம். கெளம்பல. அப்புறம் மூங்கில் வெட்டித் தூளி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்குனோம். பொண்ணு பொழச்சுக்கிச்சுங்க. கொழந்ததான்...”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஊர்ல எனக்கு ஓட்டத் தெரியலைங்கறாங்க. கொஞ்சம் பேரு, வித்தவன்தான் ஏமாத்திப்போட்டான், போய்ச் சட்டையப் புடின்னாங்க. அவங்கள நான் வெய்துபோட்டனுங்க. சுழி சொல்லி விக்கற மனுசனப் பத்திப் பேசுனா நாக்கு அழுகிப்போகும்னேன். நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு நீங்க சொல்லோணும். அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க.”

திருமூர்த்தி என்ன செய்தார் தெரியுமா? தப்பிக்க ஒரு வாசல் திறந்திருப்பதைக் கண்டார். கண்டவுடன் அதற்குள் நுழைந்தார். “மேட்டுல சின்ன கியர்ல போட்டிருக்கோணும்... தண்ணி பாத்து ஊத்துனீங்களா?” என்று அவர் வாய் கேட்டது. அந்தக் கேள்வியைத் தம் செவியே கேட்டபோது அவருக்கு உடம்பு கூசியது.

“ஊத்தப் பாத்தனுங்க” என்றார் சுப்பையன் பணிவாக. “மூடியத் தெறந்தா உள்ள தண்ணி மஞ்சளா இருந்துச்சு. நீங்க பூசையப்ப ஆத்தாளுக்கு வேண்டி மஞ்சத்தண்ணி ஊத்தியிருப்பீங்கன்னு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு மூடிப்போட்டேன். அதக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்த மனசு வரலீங்க. அதுதான் தப்புங்களா?”

மோர்ச் செம்போடு வாசற்படியில் வந்த மயிலாத்தாள் அப்படியே நின்றாள். வண்டி விற்ற அன்று காலை காலியான மஞ்சள் டப்பா அவள் கண்முன் வந்து போனது. செம்பைச் சுப்பையனிடம் கொடுத்தாள். கணவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“மாட்டுக்குச் சுழி சொல்ற நாக்கு, மனுசனுக்குச் சொல்ல வராதுங்களா?”

திருமூர்த்தி வெயிலில் இறங்கினார். அவர் நெற்றியின் நீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்தது. நாற்பது ஆண்டுகள் நாவால் பாடிய பதிகங்களில் ஒரு சொல்கூட அப்போது அவருக்குத் துணை வரவில்லை.

“உங்க மேல தப்பு இல்லீங்க சுப்பையா” என்றார். “என்ஜின் வெடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். மஞ்சளப் போட்டு அடைச்சவன் நான்தான். மேட்டுல நிக்கும்னு மெக்கானிக்கு சொன்னாரு. நீங்க மலைக்குக் கொண்டுபோறீங்கன்னு நீங்களே சொன்னீங்க. ரெண்டும் தெரிஞ்சுதான் வித்தேன்.”

சுப்பையன் அவரை வையவில்லை, அடிக்கவும் இல்லை. கையிலிருந்த தேன் புட்டியை ஒருமுறை பார்த்தார். அதைக் கொடுப்பதா, திரும்பக் கொண்டுபோவதா என்று தெரியாமல் கீழே மண்ணில் வைத்தார். அந்தச் செயல் திருமூர்த்தியை எந்த அடியினும் வன்மையாகத் தாக்கியது.

மறுநாள் அவர் சுப்பையனோடு மலையேறினார். ஏழாவது வளைவில் ஜீப் நின்றிருந்தது. அதன் முகப்பில் அவர் பூசிய மூன்று நீற்றுக் கோடுகள் மழையில் பாதி அழிந்திருந்தன. அதைக் கட்டி இழுத்து மஜீதின் பட்டறைக்குக் கொண்டுசேர்க்க ஆள் அனுப்பியிருந்தார். செலவு முழுவதும் தம்முடையதென்று சொல்லியிருந்தார். செய்தியைக் கேட்ட மஜீத், “அவருமா?” என்று ஒரே ஒரு சொல் கேட்டதாக ஆள் வந்து சொன்னான்.

தெய்வாத்தாள் வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. அவர்கள் நடுவே, சந்தையில் வாலைத் தூக்கிக் காட்டிய அதே மனிதர், தலையைத் தூக்க மாட்டாமல் நின்றார்.

“சுப்பையனுக்கு ஓட்டத் தெரியும். வண்டியிலதான் சுழி இருந்துச்சு. நான் மறச்சுப்போட்டேன். என்ன தண்டனைனாலும் குடுங்க.”

கதவுக்குப் பின்னாலிருந்து, பிரசவித்த உடம்பு தேறாத தெய்வாத்தாளின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை; களைப்பே இருந்தது.

“சொல்லியிருந்தா, நாங்க வெடியாலயே தூளி கட்டியிருப்போமுங்க.”

திருமூர்த்தி கைகூப்பியபடியே மண்டியிட்டு அமர்ந்தார். அவர் வண்டியை மட்டும் விற்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர்களிடமிருந்து திருடிக்கொண்டிருந்தார். ஏமாற்றப்பட்டவர் இழப்பது பொருளை மட்டும் என்று அதுவரை எண்ணியிருந்தார். உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் தேர்ந்திருக்கக்கூடிய வேறு வழியும் அதனோடு போய்விடுகிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அடுத்த சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் ஒருவர், “உங்க காளைக்குச் சுழி பாக்கவே வேண்டாமுங்க, நீங்க சுழி சொல்லி விக்கறவராச்சே!” என்று பாராட்டினார். திருமூர்த்தி கயிற்றை விட்டுவிட்டு, அங்கிருந்த அனைவர்க்கும் கேட்கும்படி சொன்னார்:

“என்னை நம்பாதீங்க, நல்லாப் பாத்து வாங்குங்க. கொறையுள்ள பொருள விக்கறது பாவமில்லீங்க. கொறையச் சொல்லாம விக்கறதுதான் பாவம். நெத்தியில நீறு பூசிக்கிட்டு அதச் செஞ்சவன் நான். மலையில ஒரு ஊட்டுல, ஆடாம ஒரு தொட்டில் கெடக்குதுங்க.”