பேட்டரி ஆலைக்கு ஒரு திறப்புரை

வாட்டன்ரோட நகராட்சியின் செய்திப் பிரிவில் ஆன்னெகிரெட் பியோன்டெக் முப்பத்தோரு வருஷமாக மேயர்களுக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுத்து வந்தாள். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் ஒரு மேயருக்கு ஓயாத வேலை ரிப்பன் வெட்டுவதுதான். நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய இடத்தில் கார் ஆலை வந்தது. கார் ஆலை போன இடத்தில் தொலைபேசி ஆலை வந்து, எட்டே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. இப்போது அதே மண்ணில் பேட்டரி ஆலை.

"மேடம், பழைய பல்லவி வேண்டாம்," என்றார் மேயர் டில்மன். "இந்த ஊரு காதால கேட்டிருக்கவே கூடாது. அப்படி ஒண்ணு எழுதுங்க. நாளைக்குக் காலைல வேணும்."

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். 'எதிர்காலம்', 'புதிய விடியல்' எல்லாம் தொலைபேசி ஆலைக்கே செலவாகியிருந்தன. வெறுத்துப்போய் அடித்தளத்து ஆவண அறைக்கு இறங்கி, 1962இல் கார் ஆலையைத் திறந்தபோது அன்றைய மேயர் பேசிய பேச்சை எடுத்து வந்தாள். 'கார்' என்று இருந்த இடமெல்லாம் 'பேட்டரி' என்று மாற்றினாள். புகைபோக்கிகளைச் சூரியத் தகடுகள் ஆக்கினாள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மேயர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்க! மனசு வச்சா உங்களால முடியுது!"

திறப்பு விழாப் பந்தலில் முன்வரிசை முழுக்க கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எட்டுப் பேரும் பழைய நீலச் சட்டையில் வந்திருந்தார்கள். புகைப்படத்தில் மண்வாசனை வேண்டும் என்று மேயரே அழைத்திருந்தார்.

"இந்த வாயிலுக்குள் இன்று நுழைகிறவர்..." என்று சொல்லி மேயர் மூச்சு வாங்கினார்.

"...தன் பேரனுக்கும் இங்கே இடம் பிடித்து வைக்கிறார்," என்று முடித்தார் முன்வரிசையில் இருந்த எகோன் ஷிபுல்ஸ்கி. அவருக்கு எண்பது வயது.

அடுத்த வரிக்கு மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆன்னெகிரெட்டுக்குக் காது சுட்டது. அந்தப் பேச்சைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கார் ஆலை கேன்டீனில் மாட்டியிருந்தார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சூப்புக்கு வரிசையில் நின்ற நேரமெல்லாம் முப்பது வருஷம் அதையே படித்தவர்கள் அவர்கள்.

மக்கள் தன்னோடு ஒன்றிவிட்டார்கள் என்று பூரித்துப்போன மேயர் குரலை உயர்த்தினார். அவர்களும் உயர்த்தினார்கள். கடைசிப் பத்தியில் எட்டுப் பேரும் அவரைவிட அரை வரி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பந்தலே குலுங்கிச் சிரித்தது. டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஆலை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனப்பாடம் பண்ணி வரவேற்ற ஊரை இப்பத்தான் பாக்கறேன்."

சாசேஜ் கடை முன்னால் எகோன் மேயரைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் படிச்சீங்க தம்பி. அறுபத்திரண்டுல படிச்சவரு பாதியிலயே இருமிட்டாரு."

மேயரின் முகம் வெளுத்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

ஆன்னெகிரெட் கிழவரிடம் வந்தாள். "உங்களக் கேலி பண்ணணும்னு செய்யலைங்க ஐயா. எழுத ஒண்ணுமே வரல."

"அட விடும்மா! மொதத் தடவ கேட்டப்ப அப்படியே நம்பி அழுதேன். இருபது வயசு. இன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சேன். இதுதான் தேவல," என்றார் எகோன், உதட்டில் ஒட்டிய கடுகுச் சாந்தைத் துடைத்தபடி.

அவளும் சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு மேயரிடம் போனாள். அவர் மேஜைமேல் உள்ளூர்ப் பத்திரிகை விரிந்து கிடந்தது. 'மேயரும் மக்களும் ஒரே குரலில்!'

"விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எட்டுப் பேருக்கு. அப்புறம் அவங்க வீட்டுக்காரம்மாங்களுக்கு."

"அப்ப ஊருக்கே தெரியும்." தலையில் கை வைத்தார். "நீங்க போனீங்கன்னா பத்திரிகைக்காரன் ஏன்னு கேப்பான். அந்தக் கடுதாசியை உள்ள வைங்க. இன்னியிலேருந்து நீங்கதான் புதுமைச் சிந்தனைப் பிரிவுக்குத் தலைவர்."

"அந்தப் பிரிவுல யார் யார் இருக்காங்க?"

"இப்போதைக்கு நீங்க மட்டும்தான்."

ஆன்னெகிரெட் கடிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஜன்னல் இருக்கிற அறையாகப் பார்த்துக் கேட்டு வாங்கினாள்.