மூன்றாம் வரிசையின் நட்சத்திரம்

1

ஃபெமினா, காட்டூரில் ஓர் ஆரம்பப் பள்ளியின் ஆசிரியை. மதிய உணவை ஆசிரியர் அறையில் உண்பார். மணியடிக்குமுன் வகுப்புக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையின் டப்பாவையும் திறந்து பார்ப்பார். மிச்சம் வைக்காத வரிசைக்குக் கரும்பலகையில் ஒரு நட்சத்திரம். நானும் ஆசிரியராக இருந்தேன்; என் வகுப்பிலும் முப்பதாண்டுகள் இவ்வழக்கம் இருந்தது. இக்கதை அதிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'ஒன்பது வயது ஜென்சி, பந்துபோல உருண்டு...'

(அடித்துவிட்டேன். ஒரு குழந்தையைப் பந்தென்று எழுத எனக்கென்ன உரிமை?)

இரண்டாம் தொடக்கம்: மருத்துவ முகாமில் நான்காம் வகுப்பு ஜென்சியின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அவள் கழுத்தின் கருமையைக் கண்ட மருத்துவர், இப்படியே போனால் சர்க்கரை நோய் வரக்கூடும் என்றார். ஃபெமினா, ஜென்சியின் தாய் சுஜாவை மற்றப் பெற்றோர் முன்னிலையில் கடிந்துகொண்டார். மறுநாள் முதல் சுஜா இரண்டு இட்லியும் வெள்ளரித் துண்டுகளும் மட்டுமே கொடுத்தனுப்பினார். இரண்டு மாதத்தில் எடை மூன்று கிலோ கூடிற்று. வீட்டில் கூடுதலாக ஊட்டிவிட்டுத் தாய் மறைக்கிறாள் என்றே ஃபெமினா நம்பினார்.

3

(இவ்விடத்தில் ஃபெமினாவைச் சற்று நல்லவராக்கலாமா எனத் தயங்கினேன். வேண்டாம்.)

ஒருநாள் உணவு வேளையில் தலைமையாசிரியர் அழைத்தாரென்று போனவர், வழக்கத்தைவிட விரைவிலேயே வகுப்புக்குத் திரும்பினார். வாசலிலேயே ஒரு சிறுவனின் குரல் கேட்டது.

"குப்பை வண்டி வந்திருச்சு, எல்லாரும் போடுங்க."

மூன்றாம் வரிசையின் டப்பாக்கள் யாவும் ஜென்சியின் முன் நீண்டன. அவளும் சிரித்தாள், சிரித்தபடியே அவசரமாக விழுங்கினாள்.

"என்ன பண்றே ஜென்சி?"

"நீங்க பாக்க வர்றதுக்குள்ள முடிக்கணும் மிஸ். இல்லன்னா எங்க வரிசைக்கு ஸ்டார் கிடைக்காதுல்ல." பிறகு, "சப்பாத்தின்னா ஈஸி மிஸ். தயிர்சாதம்தான் கஷ்டம். தொண்டையிலயே நிக்கும்" என்றாள்.

ஃபெமினா கதவைப் பற்றிக்கொண்டார். அப்போது அவர் நெஞ்சில்...

(இவ்வாக்கியத்தை நான்கு முறை எழுதினேன். முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

4

ஒரு முடிவில் சுஜா மன்னிக்கிறார். மற்றொன்றில் மகளை வேறு பள்ளியில் சேர்க்கிறார். இரண்டிலும் நான் எளிதாகத் தப்பித்துக்கொண்டேன். ஆகவே வாசகரே, சுஜாவின் மறுமொழியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது, அன்று மாலை ஃபெமினா சுஜாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னது மட்டுமே.

"வெள்ளிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வாங்கம்மா. அன்னிக்கு உங்களை எல்லார் முன்னாடியும் திட்டினேன். தப்பு என்னோடது. அதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லப் போறேன்."